ஒரு நாய் இருக்கும் வீட்டில் இன்னொன்று சேர்க்கலாமா? எத்தனை வரை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று. வீட்டில் மூன்று வயதுப் பெண் நாய், நடுத்தர உடம்பு, இன்னும் கருத்தடை செய்யவில்லை. எல்லோரும் கிளம்பிப் போனதும் அது குரைக்கிறது, கதவைப் பிறாண்டுகிறது. ஒரு துணை இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு பெட்டைக் குட்டிகள் இருக்கின்றன. "இரண்டையும் எடுத்துக்கோங்க, ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்" என்கிறார் அவர். எடுக்கலாமா? பொதுவாக ஒரு வீட்டில் எத்தனை நாய் வளர்க்கலாம்?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குட்டிகளையும் சேர்த்து எடுக்க வேண்டாம். ஒன்றைக்கூட இப்போதைக்கு எடுக்க வேண்டாம். இருக்கும் நாயின் தவிப்பைக் கவனித்துச் சரிசெய்துவிட்டு, அப்புறம் இன்னொன்றைப் பற்றி யோசியுங்கள். பொதுக் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலான வீடுகளுக்கு ஒன்று போதும். நேரமும் ஆளும் இருக்கிற வீட்டுக்கு இரண்டு. மூன்றோ அதற்கு மேலோ என்றால் வீட்டின் அன்றாட ஒழுங்கே நாய்களைச் சுற்றித்தான் அமையும், அதற்குச் சம்மதம் என்றால் மட்டும். கால்நடை மருத்துவராக நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். எல்லாம் நல்லபடியாக நடக்கிற நாளில் எத்தனை நாயைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று எண்ணாதீர்கள். ஒரு நாய்க்கு உடம்பு சரியில்லை, உங்களுக்கும் காய்ச்சல், வீட்டில் இன்னொருவர் வெளியூரில். அந்த நாளில் எத்தனையைப் பார்த்துக்கொள்ள முடியுமோ அதுதான் உங்கள் எண்ணிக்கை.

இனி உங்கள் நாயைப் பற்றி. தனியாக விட்டால் கத்தும் நாய்க்கு இன்னொரு நாய் மருந்தாகும் என்று பலரும் நம்புகிறார்கள். சில வீடுகளில் பலிக்கவும் செய்யும். ஆனால் பெரும்பாலான நாய்கள் ஏங்குவது இன்னொரு நாய்க்காக அல்ல, மனிதருக்காக. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஜோடியாக வாழ்ந்த நாய்களைப் பழக்கமில்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கூடவே வாழ்ந்த ஜோடி நாய் பக்கத்தில் இருந்தும் அவற்றின் பதற்ற ஹார்மோன் ஏறியது. பராமரிப்பவர் பக்கத்தில் இருந்தபோது அப்படி ஏறவில்லை. நாய் மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது பதினைந்தாயிரம் வருடம் ஆகிறது. அந்த ஒட்டுதல் அவ்வளவு ஆழமானது.

அதனால் முதலில் எது பிரச்சினை என்று கண்டுபிடியுங்கள். பழைய செல்போன் ஒன்றை அலமாரியில் சாய்த்துவைத்து, நீங்கள் கிளம்பிய பிறகு என்ன நடக்கிறது என்று பதிவு செய்யுங்கள். கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு, அப்புறம் எழுந்து செருப்பைக் கடித்து, சன்னல் பக்கம் போய்க் குரைத்து, மறுபடி படுத்துக்கொண்டால் அது பெரும்பாலும் சலிப்பு. காலையில் நன்றாக நடக்கவைத்து, மெல்லவும் தேடித் தின்னவும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போனாலே பாதி குறையும். ஆனால் நீங்கள் கதவைச் சாத்திய சில நிமிடங்களிலேயே அங்குமிங்கும் அலைந்து, எச்சில் ஒழுக, மூச்சிரைக்க, கதவின் அதே மூலையைத் திரும்பத் திரும்பப் பிறாண்டினால் அது பிரிவுப் பதற்றம். தீனியை வைத்துவிட்டுப் போனாலும் தொடாது. நீங்கள் வந்த பிறகுதான் தின்னும். இதற்குப் பயிற்சி உண்டு. சில நொடி வெளியே போய் வருவதில் தொடங்கி, நாய் பதறாத அளவிலேயே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தீவிரமாக இருந்தால் டாக்டர் மருந்தும் எழுதுவார். குளோமிப்ரமின், ஃபுளூவாக்ஸெட்டின் இரண்டும் இதற்கென்றே நாய்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு குட்டியைக் கொண்டுவந்தால், பெரியதைப் பார்த்துக் குட்டியும் கத்தக் கற்றுக்கொள்ளும். அப்புறம் கதவைப் பிறாண்ட இரண்டு பேர் இருப்பார்கள்.

உண்மையிலேயே துணை உதவுமா என்று சோதிக்க விலை இல்லாத வழி ஒன்று உண்டு. உங்கள் நாய்க்கு ஏற்கெனவே பழக்கமான நண்பர் வீட்டு நாய் இருந்தால், சில நாள் உங்கள் வீட்டில் தங்கவையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கொஞ்ச நேரம் மட்டும் விட்டுவிட்டுப் போய்ப் பதிவைப் பாருங்கள். உங்கள் நாய் படுத்துத் தூங்கினால் நல்ல அறிகுறி. வந்த நாயைத் திரும்பியும் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து அந்த இரண்டு குட்டிகள். ஒரே ஈத்துக் குட்டிகளைப் பிரிக்க மனசு வராது, எனக்கும் புரிகிறது. ஆனால் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் காலம். மனிதர்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம், டாக்டரின் மேசை, வேற்று நாய்கள் எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குள் அறிமுகமாக வேண்டும். சகோதரி பக்கத்திலேயே இருந்தால் குட்டி உங்களைப் பார்ப்பதற்குப் பதில் சகோதரியைப் பார்க்கும். அதன் தைரியம் முழுவதும் சகோதரியிடம் இருக்கும். ஒன்றை மட்டும் தனியாக வெளியே கூட்டிப்போனால் இரண்டும் ஊளையிடும். கூப்பிட்டால் வராது, கயிற்றில் நடக்காது. இதைத் தவிர்க்கலாம். இரண்டையும் தனித்தனியாகத் தூங்கவைத்து, தனித்தனியாக நடக்கவைத்து, தனித்தனியாகப் பழக்க வேண்டும். அதாவது இரண்டு குட்டிக்கு இரண்டு மடங்கு வேலை, அதுவும் ஒன்றை ஒன்று பார்க்காத நேரத்தில். வேலைக்குப் போகும் இருவருக்கு இது ஆகாத காரியம். பழக்குநர்களில் பெரும்பாலானோர் ஒரே சமயத்தில் இரண்டு குட்டி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம் அவை வளர்ந்த பிறகு வரும் பிரச்சினை. ஒரே வீட்டு நாய்களுக்குள் நடக்கும் கடுமையான சண்டைகளில் பெரும்பகுதி ஒரே பாலினத்துக்குள் நடக்கிறது. அதிலும் இரண்டு பெட்டைகளுக்குள் மூண்டால் ஆற்றுவது கடினம். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில், அதாவது குட்டித்தனம் போய் முழு நாயாக ஆகும் சமயத்தில் ஆரம்பிக்கும். உங்களிடம் ஏற்கெனவே ஒரு பெட்டை. இரண்டு சேர்ந்தால் மூன்று பெட்டை. எல்லாப் பெட்டைகளும் சண்டை போடும் என்று நான் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கிய பெண் நாய்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கும்போது ஏன் கடினமான வழியை எடுக்க வேண்டும்?

எண்ணிக்கை கூடும்போது என்ன ஆகிறது என்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று போகும்போது ஒவ்வொரு முறையும் ஒரு நாய்தான் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் நாய்களுக்கிடையிலான உறவை எண்ணிப் பாருங்கள். இரண்டு நாய் இருந்தால் ஒரு ஜோடி. மூன்று என்றால் மூன்று ஜோடி. நான்கு என்றால் ஆறு. ஐந்து என்றால் பத்து. இத்தனை ஜோடியும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ஜோடி முறுக்கிக்கொண்டால் போதும், மற்ற எல்லாவற்றுக்கும் அந்தப் பதற்றம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாய் சண்டை போடும்போது மூன்றாவது விலக்கிவிடுவதில்லை. பெரும்பாலும் கீழே விழுந்த நாயின் மேல் அதுவும் பாயும். மூன்றாவது நாய் வந்ததும் வீடு மாறிவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சண்டை திடீரென்று வந்தது என்று சொல்வார்கள். கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அழைப்பு மணி அடிக்கிறது. இரண்டு நாயும் ஒரே சமயத்தில் வாசலுக்கு ஓடுகின்றன. குறுகலான நடை. மூத்தது முன்னால் நின்று, உடம்பைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைக்கிறது. வால் மேலே தூக்கி, ஆட்டம் குறுகி, நுனி மட்டும் துடிக்கிறது. திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. இளையது தலையைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. அரை நொடி இரண்டும் அசையாமல் நிற்கின்றன. அந்த அசையாமை வந்துவிட்டால் அடுத்தது கடிதான். வீட்டுக்காரர் கண்ணில் பட்டது கடி மட்டும்தான். விளையாட்டு இதற்கு நேர் எதிர். முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி அழைக்கும். உடம்பு தளர்ந்திருக்கும். ஒரு சமயம் இது மேலே, அடுத்த சமயம் அது மேலே என்று மாறி மாறி விழும். பெரியது சின்னதுக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகாதவர் இரண்டாவது நாயை எடுக்கக் கொஞ்ச நாள் பொறுக்கலாம்.

"விடுங்க, அதுங்களே அடிச்சிக்கிட்டு யார் பெரியவன்னு முடிவு பண்ணிக்கும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதன் மூலம் பழைய ஓநாய் ஆராய்ச்சி. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்கள் யார் பெரியவர் என்று மோதிக்கொள்வதைப் பார்த்து எழுதினார். காட்டில் அவை அப்படி வாழ்வதில்லை, ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் தெளிவுபடுத்தினார். வீட்டு நாய்கள் ஓநாயும் அல்ல, குடும்பமும் அல்ல. நாம் தேர்ந்து சேர்த்துவைத்தவை. பிடிக்காவிட்டால் விலகிப்போக அவற்றுக்கு வழி கிடையாது. அதனால் விலக்கிவிட வேண்டிய பொறுப்பு நம்முடையது. நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடிக்காதீர்கள். நாய் பார்க்காமல் உங்களைக் கடிக்கும். இடையில் பலகையோ நாற்காலியோ நுழைப்பது, போர்வையை மேலே வீசுவது, தண்ணீரை ஊற்றுவது, பெரிய சத்தம் எழுப்புவது இவைதான் பாதுகாப்பான வழி.

இட வசதி பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது அவ்வளவு முக்கியம் அல்ல. பெரிய தோட்டம் இருந்தும் யாரும் வெளியே கூட்டிப்போகாத நாய் சலிப்பில் வாடும். சின்ன வீட்டில் இருந்தாலும் தினமும் இரண்டு வேளை நடக்கும் நாய் நிம்மதியாக இருக்கும். பரப்பளவை விட, சாத்தக்கூடிய கதவுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு நாயையும் தேவைப்பட்டால் தனியாக ஓர் அறையில் வைக்க முடியுமா? முடியாவிட்டால் அந்த எண்ணிக்கை உங்கள் வீட்டுக்கு அதிகம்.

நோய் விஷயத்தில் எண்ணிக்கையின் பாதிப்பைத் தினமும் பார்க்கிறேன். ஒரே நாய் வைத்திருப்பவர் வந்து, நேற்று எவ்வளவு தின்றது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது, மலம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுவார். மூன்று நாய் வீட்டிலிருந்து வருபவருக்குத் தோட்டத்தில் கழிசல் கிடந்தது மட்டும் தெரியும், எது கழிந்தது என்று தெரியாது. இதற்கு ஒரு சின்ன உபாயம்: ஒரு நாயின் சாப்பாட்டில் மட்டும் கேரட்டைத் துருவிக் கலந்து கொடுங்கள். துருவல் பெரும்பாலும் அப்படியே வெளியே வரும், யாருடையது என்று தெரிந்துவிடும். தட்டுகளைத் தனித்தனியாக, ஒன்றை ஒன்று பார்க்காத இடத்தில் வையுங்கள். பொதுவில் கொட்டி வைத்தால் ஒன்று இரண்டு பங்கு தின்றுவிடும். இன்னொன்று சாப்பிடாமல் விட்டதே நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். நாய் சாப்பாட்டை விடுவது பல நோய்களின் முதல் அடையாளம், அதைத் தவறவிடக் கூடாது.

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் வந்தால் எல்லா நாய்க்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடியது. ஒரு பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தெள்ளுப்பூச்சியில் நாயின் மேல் தெரிவது ஒரு சிறு பங்குதான். மற்றதெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். ஒரு நாயை விட்டுவிட்டால் மொத்தமும் வீண். கழுத்தில் சொட்டு மருந்து விட்டால், அது காயும் வரை நாய்களைப் பிரித்து வையுங்கள். ஒன்றை ஒன்று நக்கிவிடும். குட்டிகளுக்கு வாந்தியும் கடும் கழிச்சலும் வரவைக்கும் பார்வோ வைரஸ் இன்னும் மோசம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. பார்வோ வந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுபோகவே கூடாது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசித் தொடர் பதினாறு வாரம் வரையாவது போகும். அதுவரை புதுக் குட்டி பாதிப் பாதுகாப்போடுதான் இருக்கிறது.

செலவைப் பற்றி ஒரு தவறான கணக்கு உண்டு. "ஒரு பெரிய நாய்க்குப் பதில் மூன்று சின்ன நாய், ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றல்ல. 30 கிலோ நாய்க்கு 10 கிலோ நாயைப் போல மூன்று மடங்கு சாப்பாடு தேவையில்லை. சும்மா படுத்திருக்கும்போது 10 கிலோ நாயின் உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 390 கிலோ கலோரி வேண்டும், 30 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 900. அப்படியானால் மூன்று சின்ன நாய்களின் சாப்பாடே ஒரு பெரிய நாயை விடக் கூடுதல். மாத்திரை எடையைப் பொறுத்தது, உண்மைதான். ஆனால் தடுப்பூசி எடையைப் பார்ப்பதில்லை, தலைக்கு ஒன்று. டாக்டர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, பல் சுத்தம், ஊருக்குப் போகும்போது விட்டுப்போகும் இடம் எல்லாமே தலைக்கணக்குத்தான். மாதச் செலவை மட்டும் பார்க்காமல், எதிர்பாராத ஓர் அறுவைச் சிகிச்சைக்கான தொகை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாய் என்றால் இரண்டு அறுவை.

நான் ஆரம்பத்தில் சொன்ன மோசமான நாளுக்கு வருகிறேன். ஒரு நாய்க்கு முழங்கால் தசைநார் அறுந்து அறுவை செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கட்டுப்பாட்டில்தான் நடக்க வேண்டும். இன்னொரு நாய்க்கு இது தெரியாது. விளையாட வா என்று வம்பிழுக்கும். இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டும் முனகும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறுநீர் கழிக்கவிட்டு, அதைப் படுக்கவைத்துவிட்டு, மற்றதை நடக்கக் கூட்டிப்போக வேண்டும். இதெல்லாம் நீங்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பு, மறுபடி வந்த பின்பு. மூன்று நாய் என்றால் இதோடு இன்னொரு நடை. இப்படி எட்டு வாரம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இன்னொன்றும் யோசியுங்கள்: நள்ளிரவில் வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டிய நிலை வந்தால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எத்தனை நாயை உங்களால் ஒரே தடவையில் வெளியே கொண்டுவர முடியும்?

வயது இடைவெளி பலர் யோசிக்காத விஷயம். ஒரே வயது நாய்கள் ஒன்றாகத்தான் கிழடாகும். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, கண் மங்கல், ராத்திரியில் எழுந்து அலைவது. அப்புறம் சில மாத இடைவெளியில் இரண்டையும் இழக்க நேரும். அந்த வீடுகளின் துக்கத்தை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று, நான்கு வயது வித்தியாசம் இருந்தால் மூத்தது பழகி முடித்த பிறகு இளையது வரும். மூத்ததைப் பார்த்தே பாதிப் பழக்கம் கற்றுக்கொள்ளும். அதற்காகப் பதினொரு, பன்னிரண்டு வயது நாயிடம் இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுபோய் விடாதீர்கள். வலியோடு படுத்திருக்கும் கிழட்டு நாயின் காதைக் குட்டி நாள் முழுக்கக் கடித்து இழுக்கும். கிழடு உறுமினால் திட்டவும் செய்யாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் எச்சரிக்காமல் கடிக்கும்.

ஆணும் பெண்ணும் சேர்த்து வைப்பதென்றால் இரண்டுக்கும் கருத்தடை பற்றி முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பெட்டை பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல்முறை பருவத்துக்கு வரும், பெரிய ஜாதிகளில் இன்னும் தள்ளிப்போகும். அப்புறம் வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு முறை, ஒவ்வொன்றும் மூன்று வாரம் அளவில். அந்த நாட்களில் ஆண் நாய் சாப்பிடாது, ஊளையிடும், கதவை உடைக்கப் பார்க்கும். அண்ணன், தங்கை, தாய், மகன் என்ற உறவெல்லாம் நாய்க்குக் கிடையாது. ஒரு முறை கண் அசந்தால் 63 நாள் அளவில் குட்டிகள். இரண்டு நாய் வளர்க்க நினைத்தவர் எட்டு நாயோடு நிற்பது இப்படித்தான். உடல் அளவிலும் பெரிய வித்தியாசம் வேண்டாம். நல்ல குணமுள்ள பெரிய நாய்கூட, கீச்சென்று கத்தி ஓடும் மிகச் சின்ன நாயை ஒரு கணம் இரையாக நினைத்துப் பிடித்துவிடலாம். அந்த ஒரு கணம் போதும்.

சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. பெய்ஜிங் நகர்ப்பகுதியில் வீட்டுக்கு ஒரு நாய்தான். வேறு பல ஊர்களிலும் உள்ளாட்சியோ குடியிருப்புச் சங்கமோ வாடகை ஒப்பந்தமோ வரம்பு வைத்திருக்கும். எடுக்கும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் தெரிந்தால் வெளியேறுவது நாய்தான்.

எத்தனைக்கு மேல் தப்பு என்று ஒரு எண் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. அளவுக்கு மீறி விலங்குகளைச் சேர்க்கும் பழக்கத்தை 1990களில் ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கேரி பேட்ரோனெக், அதை எண்ணிக்கையை மட்டும் வைத்து வரையறுக்கவில்லை. குறைந்தபட்ச உணவு, சுத்தம், இடம், மருத்துவம் கொடுக்க முடியாமல் போவது, முடியவில்லை என்பதைத் தானே உணராமல் போவது, இந்த இரண்டையும் அடையாளமாகச் சொன்னார். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில், பொருள் சேர்த்துக் குவிக்கும் கோளாற்றோடு இதுவும் பேசப்படுகிறது. அதில் விழுபவர்களில் பலர் கல்நெஞ்சர்கள் அல்ல. இதுவும் பாவம், அதுவும் பாவம் என்று ஒவ்வொன்றாக எடுத்தவர்கள். உங்களிடம் மூன்றோ நான்கோ இருந்து, ஏதாவது ஒன்றின் தடுப்பூசி எப்போது போட்டது என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்றால், ஒன்றின் நகமும் பல்லும் மாதக்கணக்கில் கவனிக்கப்படவில்லை என்றால், அடுத்த நாயை எடுக்காதீர்கள். தெருவில் தவிக்கும் நாய்க்கு உதவ அதை வீட்டில் சேர்ப்பது ஒன்றே வழி அல்ல. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுபோகலாம், நல்ல வீடு தேடித் தரலாம், அது வரை தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டு நாய் வளர்ப்பதே தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஒத்துப்போகும் இரண்டு நாய்களைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். ஒன்று மற்றதன் காதை நக்கிச் சுத்தம் செய்யும். விளையாடிக் களைத்து, ஒன்றின் வயிற்றில் மற்றது தலைவைத்துத் தூங்கும். மனிதரால் என்ன முயன்றாலும் நாயோடு நாய் போல ஓடி மல்லுக்கட்ட முடியாது. அதை இன்னொரு நாய்தான் கொடுக்கும். பயந்த சுபாவமுள்ள நாய், தைரியமான துணையைப் பார்த்து மெல்ல வெளியே வருவதும் உண்டு. அதேபோல, மனிதர் மட்டும் போதும், வேறு நாயே வேண்டாம் என்று வாழும் நாய்களும் உண்டு. அவை குறைபட்டவை அல்ல. தினமும் நடை, விளையாட்டு, வீட்டாரின் கவனம் கிடைக்கிற ஒற்றை நாய் பாவப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் உங்கள் நாய்க்கு முழு உடல் பரிசோதனையும், டாக்டரிடம் பேசிக் கருத்தடையும். பிரிவுப் பதற்றம் என்று தெரிந்தால் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள், மாதக்கணக்கில் ஆகும். அது தனியாக நிம்மதியாகப் படுக்கப் பழகிய பிறகும், வீட்டில் எல்லோருக்கும் இன்னொரு நாய் மேல் ஆசை இருந்தால், ஓர் ஆண் நாயைப் பாருங்கள். உங்கள் நாயின் உடம்பளவுக்குப் பக்கத்தில், ஒன்றிரண்டு வயதானதாக இருந்தால் நல்லது. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், குட்டி வளர்க்கும் பாடும் இருக்காது. முதல் சந்திப்பு உங்கள் வீட்டில் வேண்டாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், இரண்டு பேர் ஆளுக்கொரு கயிற்றோடு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்து போங்கள். இரண்டும் தளர்ந்த பிறகு மெல்ல நெருங்குங்கள். வீட்டுக்குள் விடும் முன்பு பொம்மை, எலும்பு, தட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். முதல் சில வாரம் ஆள் இல்லாதபோது இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள், சாப்பிடும் நாய்களுக்கு நடுவில் போகக் கூடாது என்று.

சொந்தக்காரரிடம் உள்ள குட்டிகளைப் பற்றி அவரிடம் இன்றே பேசிவிடுங்கள். எட்டு வாரம் முடியும் வரை தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவையிடமும் கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். குடற்புழு மருந்தையும் முதல் தடுப்பூசியையும் அவரே போட்டுவிட்டால் நல்லது. இரண்டுக்கும் தனித்தனி வீடு தேட நீங்களும் உதவுங்கள், பக்கத்துப் பக்கத்து வீடாக அமைந்தாலும் பரவாயில்லை. எடுப்பவர் யாராக இருந்தாலும், பகலில் குட்டியோடு யார் இருப்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.